ஏரிக்கரைப் பேச்சும் நடுவரின் செவியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். நீர்நிலைகளைக் காப்பது பற்றியது தலைப்பு. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். முற்பகல் முழுவதும் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வந்து பேசினர். பெருநகரை ஒட்டிய பள்ளியொன்றிலிருந்து வந்த சிறுவன் அவையை வணங்கிய விதமே அழகாக இருந்தது. குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது. ஐந்தாம் நிமிடத்தின் மணி ஒலிப்பதற்குச் சரியாக இரண்டு நொடிகளுக்கு முன் நன்றி கூறி இறங்கினான். முதற்பரிசு அவனுக்கென்பதில் எங்கள் மூவருக்கும் ஐயமில்லை.

அவனுக்குப் பின் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு சிறுமி வந்தாள். சுண்ணாம்புக்குளம் பக்கத்து மீனவக் குப்பமொன்றைச் சேர்ந்தவள். ‘ழ’கரம் அவளுக்கு வரவில்லை. பழவேற்காடு என்னும் தன் ஏரியின் பெயரையே ‘பளவேற்காடு’ என்றுதான் சொன்னாள். கைகளை என்ன செய்வதென்று அறியாமல் தாவணி நுனியைப் பற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பேசியது அவள் கண்ட ஏரியைப் பற்றி. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடல்நீர் உள்ளே வருவது நின்றுபோகும் என்றாள். கடல்நீர் வராவிட்டால் இறால் வராது, இறால் வராவிட்டால் பறியைக் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் கைகளால் இறால் தடவும் பெண்கள் வெறும் பறியோடு கரையேறுவார்கள் என்றாள். மூன்றாம் நிமிடத்தில் சொற்கள் நின்றுபோயின. சற்றுநேரம் நின்றாள். பிறகு, “அவ்வளவுதான்” என்று கூறி இறங்கிவிட்டாள்.

எங்கள் கையிலிருந்த மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன: உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், மெய்ப்பாடு, தடையின்மை, கருத்து. ஒவ்வொன்றுக்கும் இருபது. கருத்துக்கு அவளுக்குப் பதினெட்டு இட்டேன். மற்ற நான்கிலும் அவள் பாதியைக் கூடத் தாண்டவில்லை. கூட்டிப் பார்த்தபோது முதல் பத்துப் பேருள் அவள் பெயர் இல்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது தன் ஆசிரியையுடன் வாயிலருகே நின்றிருந்தாள். “ஃபாதர், நான் எதுல குறைஞ்சேன்?” என்று கேட்டாள். அதில் மனக்குறை இல்லை; அறிந்துகொள்ளும் விருப்பம் மட்டுமே இருந்தது. “நன்றாகத்தான் பேசினாய் அம்மா, அடுத்த ஆண்டும் முயற்சி செய்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அது விடையன்று. அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவுமில்லை. முதற்பரிசு பெற்ற பேச்சில் ஒரு வரியும் இன்று என் நினைவில் இல்லை. வெறும் பறியோடு கரையேறும் பெண்கள் இருக்கிறார்கள்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கே எஞ்சிய பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் விண்ணேகியது. நிலவுக்குச் செல்லும் கலத்தைத் தம் ஊரிலிருந்தே அண்ணாந்து பார்க்கும் இப்பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகரோ எளிதில் எட்டாதது. கும்மிடிப்பூண்டி வந்து, சென்னைக்கே தொடர்வண்டியில் சென்று, வேறு தடத்தில் மேற்கே திரும்ப வேண்டும். அல்லது பெரியபாளையம் வழியே பேருந்து மாறிச் செல்ல வேண்டும். காலை பத்து மணிப் போட்டிக்கு இருட்டோடு புறப்பட்ட பிள்ளை, ஏறும்போதே களைத்த பிள்ளை.

1997-இல் உருவான இம்மாவட்டத்துக்குள் இருவேறு உலகங்கள் அடங்கியுள்ளன. ஆவடியும் பூந்தமல்லியும் பெருநகரின் நீட்சி. ஏரிக்கரையோ இரு மாநிலங்களின் எல்லை. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் அங்கே பலர். பெருநகர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பேச்சை எழுதித்தர ஒருவர், அசைவுகளைக் கற்றுத்தர ஒருவர், ஒத்திகைக்கு நிலைக்கண்ணாடி, ஆண்டுக்கு எட்டுப் பத்து மேடைகள். ஏரிக்கரைப் பிள்ளைக்கு அந்த மாவட்டப் போட்டியே முதல் மேடை. நான் நடுவராக அமர்ந்த போட்டிகளில் எல்லாம் பரிசுகள் ஒரே திசையிலிருந்து வந்தவர்களுக்கே சென்றன. அதில் ஒருவரும் சூழ்ச்சி செய்யவில்லை. மதிப்பெண்கள் நேர்மையாகவே இடப்பட்டன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவரும் தவறு செய்யாத இடத்தில் அநீதி நிகழ முடியுமா?

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். ஏழைப் பிள்ளை என்பதற்காக நடுவர் மதிப்பெண்ணைக் கூட்டி இட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரம், தீர்ப்பிடுவோர் பெரியோர் முகத்தைப் பார்க்கலாகாது என்பதோடு நில்லாமல், ஏழைக்காகவும் ஒருதலை சாயலாகாது என்கிறது. புனித தோமா அக்குவினார் ஆள்பார்த்து வழங்கும் குற்றத்தை ஆராயும்போது ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவரது அறிவைக் கண்டு அவரை ஆசிரியராக அமர்த்தினால், அப்பணிக்குரிய காரணத்தைக் கண்டோம். அவரது செல்வத்தையோ உறவையோ கண்டு அமர்த்தினால் ஆளைக் கண்டோம், அதுவே குற்றம். ஆகவே கேட்கவேண்டியது, அந்தப் பணிக்கு, அந்தப் பரிசுக்கு, உரிய காரணம் எது என்பதே. பேச்சுக்கு உரிய காரணம் எது?

இந்த இடத்தில்தான் எங்கள் மதிப்பெண் தாள் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. ஐந்தில் நான்கு பங்கு எதை அளந்தது? பயிற்சியை. பயிற்சி யாருக்குக் கிட்டியது? அதைப் பெற வசதியுள்ள ஊரில் பிறந்தவருக்கு. நாங்கள் திறமையைக் கண்டதாக எண்ணியவற்றுள் ஒரு பெரும் பகுதி முகவரியேயன்றி வேறில்லை. செல்வத்தைக் கண்டு ஆசிரியரை அமர்த்துவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அங்கே நடுவர் அறிந்தே செய்கிறார். இங்கே அறியாமல் செய்கிறார். வேறுபாடு அவ்வளவே.

பேச்சைக் கேட்டு ஊரை அறிந்து, ஊரை வைத்து ஆளை எடைபோடுவது புதிதன்று. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை அங்கிருந்தோர் எப்படி அடையாளம் கண்டனர்? அவரது பேச்சு வழக்கே அவரைக் காட்டிக்கொடுத்ததென மத்தேயு எழுதுகிறார். ஏரிக்கரைக் கலிலேயனின் உச்சரிப்பு எருசலேமின் செவிக்கு உடனே புலப்பட்டது. ஐம்பது நாட்கள் கழித்து, பெந்தக்கோஸ்து நாளில், அதே எருசலேமில், அதே மனிதர் எழுந்து பேசுகிறார். கூடியிருந்தோர் வியந்து, பேசுவோர் கலிலேயர் அல்லவா எனத் தம்முள் கேட்டுக்கொண்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் பதிவுசெய்கிறது. இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றுண்டு. தூய ஆவியார் பேதுருவின் கலிலேய உச்சரிப்பைத் திருத்தியதாக எங்கும் எழுதப்படவில்லை. பேசுவோருக்கு நாவு அருளப்பட்டது; கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர். நாவோடு செவியும் திறக்கப்பட்ட நாள் அது. நமது பயிற்சிகளெல்லாம் நாவுக்கே நடக்கின்றன. நடுவர்களின் செவிக்குப் பயிற்சி தருவது யார்?

இந்த ஏற்றத்தாழ்வை அரசும் உணராமல் இல்லை. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளில், முதல் மூன்று இடங்களுக்கு 5000, 3000, 2000 ரூபாய் எனப் பரிசுகள் வழங்கப்படுகின்றன. இவற்றுக்கு அப்பால், அரசுப் பள்ளி மாணவர் இருவரைத் தனியே தெரிந்தெடுத்து, தலா 2000 ரூபாய் சிறப்புப் பரிசும் அளிக்கப்படுகிறது. நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு; நான் அதைக் குறை சொல்லேன். ஆயினும் அது முழுமையான விடையாகுமா?

பரிசு என்பது ஒரே நேரத்தில் இரண்டு பொருள்கள். அது ஒரு பங்கீடு. ஒரு சாட்சியமும் கூட. பங்கீட்டில் சமன் செய்வது இயலும், கடமையும் ஆகும். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காட்டை 2020-இல் தமிழ்நாடு சட்டமியற்றி ஒதுக்கியது. அது பங்கீட்டு நீதி. அவ்விடங்கள் எல்லாருடைய வரிப்பணத்தில் உருவானவை. ஒரு பகுதியினரே அவற்றை அள்ளிச்செல்வது தகாது. ஆனால் சாட்சியம் வேறு. ‘இந்தப் பேச்சு நல்ல பேச்சு’ என்று அவைமுன் சொல்வது ஒரு மெய்ம்மையை அறிக்கையிடுவது. அதைப் பங்கிட முடியாது. அது உண்மையாக இருக்க வேண்டும். சிறப்புப் பரிசு பெறும் பிள்ளை பணத்தோடு வேறொரு செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடும்: ‘உண்மையான பரிசு மற்றவர்க்கு, உனக்கு இரக்கம்’. இரக்கம் உயர்ந்ததே. ஆயினும் நீதியாகத் தரவேண்டியதை இரக்கமாகத் தருவது கடனைத் தருமமாகக் கணக்கெழுதுவது போன்றது.

அப்படியானால், தொடங்கிய இடத்தையும் கணக்கில் கொண்டு, வந்து சேர்ந்த தூரத்தை அளக்கலாமே என்று சிலர் கேட்கலாம். தாலந்து உவமை அதைத்தானே கற்பிக்கிறது? ஐந்து தாலந்து பெற்று வேறு ஐந்து ஈட்டியவனுக்கும், இரண்டு பெற்று வேறு இரண்டு ஈட்டியவனுக்கும் தலைவர் கூறிய பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே. ஆம், அந்தத் தலைவரால் அது முடிந்தது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். மதிப்பெண் தாளோடு மேசைமுன் அமர்ந்த எனக்கு அது தெரியாது. அந்தச் சிறுமி எவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த மூன்று நிமிடங்களைப் பேசினாள் என்பது இறைவன் ஒருவரே அறிந்தது. அவரது அளவுகோலைக் கையிலெடுப்பது நமக்கு மிஞ்சிய செயல். நம்மால் இயன்றது வேறொன்று: இறுதியில் தீர்ப்பைத் திருத்துவதைவிட, தொடக்கத்தில் கொடுத்ததைத் திருத்துவது.

இதை அந்தச் சிறுமியின் ஏரியே கற்பிக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதி மீனவ ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை தொன்றுதொட்டு உண்டு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றன்று. முகத்துவாரத்தை ஒட்டிய ஓட்டத்தில் வலையிட்டவனுக்கும் வறண்ட மூலையில் வலையிட்டவனுக்கும் ஒரே உழைப்புக்கு ஒரே பலன் கிட்டாது. ஆகவே நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி ஊர் கூடிச் சீட்டுப்போட்டு, முறைவைத்து, இடங்களை மாற்றிக்கொள்கின்றனர். வறண்ட மூலையிலிருந்து திரும்பியவனிடம், “உனக்கு மீன்பிடிக்கத் தெரியவில்லை” என்று எவரும் சொல்வதில்லை. “இன்று உன் பாடு அங்கே” என்கின்றனர். பிடித்த மீனைப் பிடுங்கிப் பகிர்வதைவிட, பிடிக்கும் இடத்தைப் பகிர்வது மேல் என்னும் அறிவு அதில் உண்டு. அம்முறை குறையற்றதென்று கூறமாட்டேன். அதில் உரிமை பெற்ற ஊர்களும் குடும்பங்களும் மட்டுமே பாட்டில் இடம்பெறுவர். வெளியே நிறுத்தப்பட்டோரும் உண்டு. அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. அந்தக் குறையும் நமக்குப் பாடமே. சீட்டு எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், யார் பெயர் சீட்டில் எழுதப்படவில்லை என்பதே முதற்கேள்வி.

இத்தாலியில் ஒரு பங்குத்தந்தை இக்கேள்வியைத் தம் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டார். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் அருட்பணி லொரென்சோ மிலானி, புளோரன்சு மறைமாவட்டத்தின் மலைச்சிற்றூரான பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். உழவர் பிள்ளைகள் ஊர்ப்பள்ளித் தேர்வுகளில் தோல்வியுற்று வெளியேற்றப்படுவதைக் கண்டார். அறிவின்மையால் அன்று, சொல்லின்மையால் அவர்கள் தோற்கின்றனர் எனத் தெளிந்து, தம் இல்லத்தையே நாள்முழுதும் நடக்கும் பள்ளியாக்கினார். செய்தித்தாளை வரிவரியாகப் படித்து விவாதிப்பது அங்கே பாடம். அப்பிள்ளைகள் எண்மர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967-இல் வெளிவந்தது. அதே ஆண்டு மிலானி இறந்தார். மனிதரைச் சமமாக்குவது மொழியே என்பதும், சமமற்றவர்க்குச் சமமாகப் பங்கிடுவது நீதியாகாது என்பதும் அந்நூலின் சாரம். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவரது கல்லறையில் செபித்தார். மிலானி எந்தத் தேர்வாளரிடமும் மதிப்பெண் இரந்து நிற்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லைக் கொடுத்தார்.

“பேச்சுப் போட்டியில் தோற்றால் என்ன? மோசே திக்குவாயர், பவுலின் பேச்சு எடுபடாதென்று கொரிந்தியர் இகழ்ந்தனர். இறைவன் நாவன்மையையா தேடுகிறார்?” என்று பக்தியுள்ளோர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மோசே பார்வோன் முன் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு இறைவன் ஆரோனைத் துணை தந்தார். பேச்சு ஓர் அணிகலன் மட்டுமாயின் நானும் கவலைப்படேன். முகத்துவாரம் அடைபடும்போது அதிகாரிமுன் எழுந்து பேசவேண்டியவர் யார்? ஆலைக் கழிவையும் துறைமுக விரிவையும் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பிடிக்கவேண்டியவர் யார்? பதினான்கு வயதில், ‘உன் பேச்சு பேச்சன்று’ என்று ஒரு தாளின் கூட்டுத்தொகையால் அறிந்துகொண்ட பிள்ளை, நாற்பது வயதில் அங்கே எழுந்து நிற்பாளா? அவளுக்காகப் பிறர் பேசுவர். தம் கணக்கைப் பார்த்துப் பேசுவர். போட்டியில் இழந்தது ஒரு கேடயம். பிற்பாடு இழக்கப்போவது ஓர் ஏரி.

சிற்றூரிலிருந்து பெரும் பேச்சாளர் தோன்றவில்லையா என்றும் கேட்கலாம். தோன்றினர். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவும், காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் சான்று. ஆனால் அந்த நூற்றாண்டில் படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் மேடையைச் சிற்றூருக்கே கொண்டுவந்தன என்பதை மறக்கலாகாது. திறமை எங்கும் பிறக்கும். மேடை இருக்கும் இடத்தில்தான் அது வெளிப்படும்.

நம்மிடம் மேடை இல்லையா? ஒவ்வொரு கிளைப்பங்கின் சிற்றாலயத்திலும் ஒன்று உண்டு: வாசக மேடை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தாய்மொழியில் இறைவார்த்தை ஒலிக்கும் இடம். வாரந்தோறும் அவை கூடிச் செவிசாய்க்கும் இடம். அங்கே ஏறுவோர் யார்? ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, உபதேசியார் மகள், நகரப் பள்ளியில் படிப்பவன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதென்று நாமே தேர்கிறோம். மாவட்டப் போட்டியின் மதிப்பெண் தாளை நாம் பலிபீடத்தின் அருகிலும் வைத்திருக்கிறோம். மறைக்கல்வி விழாக்களில் பரிசுகள் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடுவதும், கிளைப்பங்குப் பிள்ளைகள் கைதட்டிவிட்டு வேனில் ஏறித் திரும்புவதும் நாம் அறியாததா?

என் பங்கில் இப்போது வாசகத்துக்குப் பாடு முறை வைத்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளின் பெயரும் பட்டியலில் உண்டு. விடுபட்ட பெயர் எதுவென்று மாதந்தோறும் சரிபார்க்கிறோம். சனிக்கிழமை மாலை ஒத்திகை. தொடக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. “சாமி, ஒண்ணும் புரியலை” என்று பெரியவர்கள் குறைகூறினர். சில ஞாயிறுகளில் எனக்கும் பொறுமை போதவில்லை. இன்றும் திக்குவோர் உண்டு. ஆயினும் தம் வீட்டுப் பிள்ளை வாசிக்கும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தோர் முன்னே வந்து செவிகொடுப்பதைக் காண்கிறேன்.

போட்டிகளை நடத்துவோருக்கும் சில செய்திகள் உண்டு. மாவட்டப் போட்டி ஆண்டுதோறும் ஒரே நகரில் நடக்க வேண்டியதில்லை. ஓராண்டு பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ நடக்கட்டும். களைத்துவரும் முறை மற்றவர்க்கும் வரட்டும். மனப்பாடம் செய்த உரையோடு, உடனடித் தலைப்பில் இரண்டு நிமிடமேனும் பேசச் செய்யலாம். கருத்துக்கு ஐந்திலொரு பங்கே என்னும் கணக்கை மாற்றலாம். வட்டார வழக்கைப் பிழையென்று எண்ணாத ஒருவராவது நடுவருள் இருக்கட்டும். இவை எவருக்கும் இரங்கி மதிப்பெண் இடுவன அல்ல. பேச்சை முகவரியிலிருந்து பிரித்தறியும் வழிகள்.

அந்தச் சிறுமிக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். இன்று அவள் என்முன் நின்றால் இப்படிச் சொல்வேன்: “நீ ஒன்றிலும் குறையவில்லை என்று சொன்னால் அது பொய். ‘ழ’கரம் உனக்கு வரவில்லை, அது பழகினால் வரும். அதைப் பழக்காதது எங்கள் குறை. பாதியில் நின்றுவிட்டாய், உனக்கு அதுவே முதல் மேடை. அதற்கு முன் மேடை தராததும் எங்கள் குறை. ஆனால் அன்று பேசியோருள் தான் கண்டதைப் பேசியவள் நீ. அதைக் கேட்டும், எங்கள் தாளில் அதற்கு இருபதுக்குமேல் இடம் வைத்திருக்கவில்லை. அது உன் குறையன்று, அம்மா.”

இதை அன்றே சொல்லியிருக்கலாம். வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது.